ஆறாப் புண்ணும் ஓய்வும்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்தக் கிருமி இனங்காணப்பட்டது, அதனைக் கொல்லும் மருந்து எவராற் கண்டறியப்பட்டது என்பனவே அவ்வரலாற்றின் மைல்கற்களாகக் கொள்ளப்படுகின்றன. வாந்திபேதி, காசநோய் முதலியவற்றைப் பொறுத்தவரையில் இவ்வாறு எழுதுவது ஓரளவு பொருந்தும். ஆயின், மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் ஆறாது கிடக்கும் புண்ணின் வரலாற்றை அவ்வாறு எழுதிவிட முடியாது. கிருமி கொல்லப்பட்ட பின்னரும் ஆறாத புண்கள் உண்டு. விலையுயர்ந்த மருந்துகள் பூசப்பட்டும் ஆறாதவை, எம்மருந்துமின்றி ஆறிவிடுவதும் உண்டு. இம்முரண்பாட்டின் காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு மனித சமுதாயத்துக்கு நீண்ட காலம் பிடித்தது. அவ்விளக்கம் தோன்றிய களங்களுள் தென்னிந்தியாவும் இலங்கையும் முக்கியமானவை என்பது நம்மவருட் பலர் அறியாத செய்தியாகும். தொழுநோயாளரின் பாதப் புண்ணை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாட்பட்ட புண்கள் பலவகைப்படும். நாளங்களிற் குருதி தேங்குவதாற் கணைக்காலில் உண்டாகும் புண், நாடி அடைபட்டுக் குருதி செல்லாமையால் உண்டாகும் புண், நெடுநாட் படுக்கையிற் கிடப்போருக்கு உண்டாகும் படுக்கைப் புண், உணர்விழந்த பாதத்தின் அடியில் உண்டாகும் புண் என அவற்றை வகுக்கலாம். இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதே தொழுநோயாளரிடத்தும் நீரிழிவு நோயாளரிடத்தும் பெருமளவிற் காணப்படுவது. இவ்விரு நோய்களும் தம்முள் எவ்வகையிலும் தொடர்பற்றவை. ஒன்று பற்றீரியாவால் உண்டாவது. மற்றையது உடலின் வெல்லச் சமநிலை கெடுவதால் உண்டாவது. இருந்தும் இரண்டும் நரம்பைத் தாக்குகின்றன. இரண்டும் பாதத்தின் உணர்வைப் பறிக்கின்றன. இரண்டிலும் ஒரேவகைப் புண் ஒரேவகை இடங்களில் தோன்றுகிறது. இவ்வொற்றுமையே நமது ஆய்வுக்குத் திறவுகோலாக அமைகின்றது.

பண்டையோர் கண்ட உண்மை

புண்ணுக்கு ஓய்வு தேவை என்பது புதிய கண்டுபிடிப்பன்று. கிரேக்க மருத்துவ மரபில் ஹிப்போக்கிரற்றீசின் பெயரால் வழங்கும் நூல்களுட் புண்கள் பற்றிய நூலொன்றும் உண்டு. காலிற் புண்ணுடையோர் நிற்பதும் நடப்பதும் தீது என அது எச்சரிக்கின்றது. இந்திய மரபிற் சுசுருத சங்கிதை விரணத்துக்குரிய 60 உபக்கிரமங்களை வகுத்துக் கூறுகின்றது. கழுவுதல், அறுத்தல், கட்டுதல், எண்ணெயிடுதல் எனப் பலவாறாக விரியும் அப்பட்டியல், புண்ணை ஒரே மருந்தால் தீர்த்துவிட முடியாது என்பதை அக்கால மருத்துவர் உணர்ந்திருந்தமையைப் புலப்படுத்துகின்றது.

எனினும், ஓய்வு என்பது மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரத்தில் எல்லோருக்கும் கிடைத்துவிடும் பொருளன்று. நிலமும் ஏவலாளரும் உடையவன் ஆறு கிழமை படுக்கையிற் கிடக்கலாம். அன்றாடங்காய்ச்சியான கூலி உழைப்பாளி ஒரு நாள் கிடந்தால் அன்றிரவு அவன் வீட்டில் உலை கொதியாது. ஆகவே, ‘நடவாதே’ என்ற மருத்துவ விதி பண்டைக் காலந்தொட்டே வசதியுடையோருக்கு மட்டும் பயன்பட்ட விதியாக இருந்து வந்துள்ளது எனலாம். உழைப்பாளியின் காலுக்கு அவனது உழைப்பைக் கெடுக்காது ஓய்வளிப்பது எவ்வாறு என்ற வினாவுக்கு விடை காணாதவரையில் ஆறாப் புண் பெரும்பாலான மக்களுக்கு ஆறாததாகவே இருந்தது.

இன்னொரு தடையும் இருந்தது. புண்பட்ட மனிதனை ஓய்வுகொள்ள வைப்பது மருத்துவனின் அறிவுரையன்று. வலியே அவனை ஓயவைக்கிறது. முள் தைத்தவன் நொண்டுகிறான். நொண்டுவதாற் புண்பட்ட இடத்தின் மீதான சுமை குறைகிறது. சுமை குறைவதாற் புண் ஆறுகிறது. வலியை இழந்தவன் நொண்டுவதில்லை. புண்ணின் மீதே முழு உடற்பாரத்தையும் ஊன்றி நடக்கிறான். வறுமை ஒருபுறமும் வலியின்மை மறுபுறமும் ஓய்வைத் தடுத்த நிலையிற் சிக்கிக்கொண்டவன் தொழுநோயாளியாவான்.

1873ஆம் ஆண்டின் இரு கருத்துகள்

தொழுநோய் வரலாற்றில் 1873ஆம் ஆண்டு முக்கியமானது. நோர்வே நாட்டின் பேர்கன் நகரிற் பணியாற்றிய அர்மவர் ஹன்சன் தொழுநோய்க்குரிய கோலுயிரை அவ்வாண்டிலேயே இனங்கண்டார். மனித நோயொன்றுக்குப் பற்றீரியா காரணமாகலாம் என்பதை முதன்முதலிற் சுட்டிய கண்டுபிடிப்புகளுள் இதுவும் ஒன்றாகும். அதே 1873இற் பிரான்சு நாட்டின் டியூப்ளே, மொரா என்னும் இருவர், பாதத்தைத் துளைத்துச் செல்லும் புண் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். அப்புண்ணின் அடிப்படை நரம்புக் கேடே என்பது அவர்தம் முடிபு.

முதலாவது கண்டுபிடிப்பு உலகப் புகழ் பெற்றது. இரண்டாவது வல்லுநர் சிலரின் நூல்களுக்குள் அடங்கிப் போயிற்று. எனினும் அவ்வழியிற் சிந்தித்தோர் இல்லாமலில்லை. 1884இல் ஆங்கிலச் சத்திரசிகிச்சை நிபுணரான பிறெடெறிக் ட்றீவ்ஸ், இத்தகைய புண்ணைச் சூழ்ந்த தடித்த காய்ப்பை வெட்டி நீக்கிப் பாதத்துக்கு ஓய்வளிக்கும் முறையை எழுதி வெளியிட்டார். 1887இற் பிறைஸ் என்னும் மருத்துவர் நீரிழிவுடன் சேர்ந்து வந்த பாதப் புண்களை விவரித்தார்.

ஆயினும், அக்காலத்திற் பரவலாக நிலவிய கருத்து வேறானது. இழையங்களை ஊட்டி வளர்க்கும் தனிப்பட்ட ஆற்றலொன்று நரம்புகளுக்கு உண்டு. நரம்பு கெட்டதும் அவ்வூட்டம் நின்று ஊன் தானாகவே சிதைகிறது என மருத்துவர் பலர் நம்பினர். இதனால் இப்புண்கள் ஊட்டமிழப்புப் புண்கள் எனப் பெயர் பெற்றன. தொழுநோயைப் பொறுத்தவரை பொதுமக்களின் நம்பிக்கையும் இதனோடு ஒத்துச் சென்றது. தொழுநோயாளியின் ஊன் அழுகி விழுகிறது. அவனுடைய விரல்கள் தாமே உதிர்கின்றன. அது முன்வினைப் பயன் என்ற எண்ணம் கிழக்கிலும் மேற்கிலும் வேரூன்றியிருந்தது. கற்றோரின் கொள்கையும் கல்லாதாரின் அச்சமும் ஒரே முடிபுக்கே இட்டுச் சென்றன: கெட்ட ஊனில் உண்டான புண்ணை ஆற்ற முயல்வது வீண்வேலை.

இம்முடிபின் சமூக விளைவுகள் கடுமையானவை. இலங்கையில் ஒல்லாந்தர் 1708இலேயே ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென வைத்தியசாலையொன்றை அமைத்திருந்தனர். ஹன்சனின் கண்டுபிடிப்புக்குப் பின்னர் தொற்று பற்றிய அச்சம் சட்ட வடிவம் பெற்றது. இந்தியாவில் 1898இலும் இலங்கையில் 1901இலும் தொழுநோயாளரைப் பிரித்து வைப்பதற்கான சட்டங்கள் இயற்றப்பட்டன. மட்டக்களப்பு வாவியின் நடுவே அமைந்த மாந்தீவும் அத்தகைய பிரிவிடமாயிற்று. அங்கு வாழ்ந்தோரின் பாதப் புண்கள் கழுவப்பட்டன, கட்டப்பட்டன, மறுநாள் மீண்டும் கழுவப்பட்டன. அவை ஏன் ஆறவில்லை என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படவேயில்லை. விடை ஏற்கெனவே தெரிந்துவிட்டதாகக் கருதப்படும் இடத்தில் வினா எழுவதில்லை.

பரிசுச் சாந்தின் பயணம்

முறிந்த என்பைப் பொருத்துவதற்குப் பரிசுச் சாந்து தோய்ந்த துணிக்கட்டைப் பயன்படுத்தும் முறையை ஒல்லாந்துப் படை மருத்துவரான அந்தோனியஸ் மத்தைசென் 1852இல் வெளியிட்டார். அது போர்க்களத்திற்கென உருவான முறை. முதலாம் உலகப் போரையொட்டி அமெரிக்கரான வினெற் ஓர், சீழ்பிடித்த என்புப் புண்களைத் துப்புரவு செய்து சாந்துக் கட்டினுள் மூடிவிடும் வழியைக் கையாண்டார். 1936 முதல் 1939 வரை நிகழ்ந்த ஸ்பானிய உள்நாட்டுப் போரிற் கற்றலோனிய நிபுணரான ஜோசப் திருவேத்தா அம்முறையை விரிவாகப் பயன்படுத்திப் பெருவெற்றி கண்டார். நாள்தோறும் புண்ணைத் திறந்து பார்ப்பதிலும் பார்க்க, அதனை அசையாது வைத்திருத்தல் மேலானது என்ற பாடத்தை இவ்வனுபவங்கள் புகட்டின.

1930களில் நமது பிராந்தியத்தில் இச்சாந்துக் கட்டு புதிய பணியொன்றை ஏற்றது. பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய மில்றோய் போல் இலங்கையிலும், ஜோசப் கான் என்னும் மருத்துவர் இந்தியாவிலும் தொழுநோயாளரின் உள்ளங்காற் புண்களுக்குச் சாந்துக் கட்டிட்டனர். கான் தமது அனுபவத்தை 1939இல் இந்தியத் தொழுநோய் ஆய்விதழில் வெளியிட்டார். இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், கட்டிட்ட நோயாளி படுக்கையிற் கிடக்கவில்லை என்பதே. அவன் கட்டுடனேயே நடமாடினான். புண்ணுக்கு ஓய்வு, மனிதனுக்கு நடமாட்டம். பண்டைய மருத்துவ விதியில் இருந்த வர்க்கச் சார்பு இவ்வெளிய உபாயத்தால் முதன்முறையாக உடைக்கப்பட்டது எனலாம். வைத்தியசாலைப் படுக்கைகள் போதாத, கூலியை இழக்க முடியாத மக்கள் நிறைந்த நாடுகளில் இம்முறை பிறந்தமை தற்செயலன்று. தேவையே அதனைப் பிறப்பித்தது.

வேலூரில் எழுந்த வினா

சாந்துக் கட்டு புண்ணை ஆற்றியது. ஆயினும் புண் ஏன் உண்டாகிறது என்ற கொள்கை மாறவில்லை. அம்மாற்றத்துக்கு வித்திட்டவர்களுட் போல் பிராண்ட் முதன்மையானவர். 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்த அவர், இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியேற்றார். மறு ஆண்டிற் செங்கற்பட்டில் தொழுநோய் வல்லுநர் றொபேட் கொக்ரேனின் அழைப்பின்பேரில் அங்கிருந்த நோயாளரைக் கண்டமை அவரது வாழ்வைத் திசைதிருப்பியது. விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரின் கையைப் பற்றியபோது, அக்கையின் பிடி தம் கையை நோகச் செய்யுமளவுக்கு வலுவாயிருந்தமை அவருக்கு வியப்பளித்தது. சில தசைகள் மட்டுமே செயலிழந்துள்ளன. ஏனையவை நலமாகவே உள்ளன என அவர் உணர்ந்தார். இதன் விளைவாக, நல்ல தசையின் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சை அந்நோயாளருக்குச் செய்யப்படலாயிற்று.

இச்சத்திரசிகிச்சைகள் எதிர்பாராத உண்மையொன்றையும் வெளிப்படுத்தின. கெட்ட ஊன் எனக் கருதப்பட்ட தொழுநோயாளியின் கையிற் கத்தியால் இட்ட வெட்டு, ஏனையோரின் கையில் ஆறுவது போலவே ஆறியது. அவ்வாறாயின் பாதப் புண்ணும் விரற் புண்ணும் மட்டும் ஏன் ஆறவில்லை?

வேலூரிற் சிகிச்சை பெற்றோர் தொழில் பயின்று வாழ்வதற்கென ‘நவஜீவ நிலையம்’ அமைக்கப்பட்டபோது இவ்வினாவுக்கு விடை தேடும் வாய்ப்புக் கிட்டியது. அங்கு தச்சுவேலையில் ஈடுபட்டிருந்த இளைஞர்களின் கைகளில் அடிக்கடி புதிய காயங்கள் தோன்றின. பிராண்டும் அவரது துணைவரும் ஒவ்வொரு காயத்தையும் அதன் காரணத்துடன் ஆராய்ந்தனர். ஆயுதக் கைபிடியிலிருந்த சிராம்பு, அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கிய பாத்திரம், விளக்கின் சூடு எனக் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இரவில் விரல் நுனிகள் குறைந்திருந்தமைக்குக் காரணம் தேடியபோது, உறங்கும் நோயாளரின் உணர்வற்ற விரல்களை எலிகள் கொறித்தமை தெரியவந்தது. அதன் பின்னர் அவர்களுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்கப் பிராண்ட் முயன்று தோற்றபோது, சிறுவன் ஒருவன் அச்சாவியை எளிதில் திருகித் திறந்ததும், அவன் விரல் என்பு வரை வெட்டுண்டிருந்ததும் அவரது நூலிற் பதிவாகியுள்ள நிகழ்ச்சியாகும். அச்சிறுவனின் வலிமை வேறொன்றுமன்று. நிறுத்து என்று சொல்லும் வலி அவனிடம் இல்லாமையே.

இவ்வாராய்ச்சியின் முடிபு தெளிவானது. விரல்கள் தாமே உதிர்வதில்லை. ஊன் தானே அழுகுவதில்லை. கோலுயிர் நரம்பைக் கெடுக்கிறது, உணர்வு போகிறது, அன்றாட வாழ்க்கையின் சிறுசிறு தாக்கங்கள் எஞ்சிய அழிவைச் செய்கின்றன. 1940களின் இறுதியில் ‘டாப்சோன்’ மாத்திரை வழக்கிற்கு வந்து கிருமியைக் கட்டுப்படுத்திய பின்னரும் பாதப் புண்கள் நீடித்தமை இம்முடிபை உறுதிசெய்தது. நோய் குணமான ஒருவன் புண்ணுடன் வாழ்ந்தான். அப்புண்ணைக் கண்ட ஊரார் அவனை இன்னும் நோயாளியாகவே கருதினர்.

ஈண்டு ஒரு கருத்தை வலியுறுத்துதல் அவசியமாகும். வரலாற்றைத் தனிமனிதரின் மேதைமையாகக் காட்டும் போக்கு மருத்துவ வரலாற்றில் மிகுதி. பிராண்டின் பெருமையைக் குறைக்காமலே நாம் சொல்லக்கூடியது, அவருக்கு முன்னர் மில்றோய் போலும் கானும் இருந்தனர்; அவருடன் கொக்ரேன் இருந்தார்; நைஜீரியாவிற் பணியாற்றிய பிறைஸ் என்னும் இன்னொருவர் 1950களின் இறுதியிற் பாதப் புண்ணின் தோற்றநிலைகளை ஆராய்ந்தார் என்பதாம். அனைவர்க்கும் மேலாக, தமது ஒவ்வொரு காயத்தையும் கவனித்துக் கணக்குச் சொன்ன வேலூர்ப் பட்டறைத் தொழிலாளர் இருந்தனர். அவர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. ஆய்வுக்கு ஆதாரமான அவதானங்களுள் அவர்கள் கொடுத்தவை அளப்பரியன.

அமுக்கத்தின் கணக்கு

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்த கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். நடைக்கும் புண்ணுக்கும் உள்ள தொடர்பு அங்கு அளவுகோலுடன் ஆராயப்பட்டது. ஊனை அழிக்கும் விசை மூவகைப்படும் என அவ்வாய்வுகள் காட்டின. முதலாவது, கூரிய பொருளின் மீது மிதிக்கும்போது உண்டாகும் பெரும் அமுக்கம். இரண்டாவது, இறுக்கமான சப்பாத்து மணிக்கணக்காக இடைவிடாது கொடுக்கும் சிறு அமுக்கம். இது மயிர்க்குழாய்களில் குருதியோட்டத்தைத் தடுக்கும். மூன்றாவது, நடையின்போது ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் நடுத்தர அமுக்கம். இம்மூன்றாவதே உள்ளங்காற் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம். எலிகளின் பாதங்களில் அளவான அமுக்கத்தை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை கொடுத்தபோது, முதலில் அழற்சியும் சில நாட்களிற் புண்ணும் உண்டாயின. ஒரு முறை கொடுத்தால் எத்தீங்கும் செய்யாத அமுக்கம் அது.

உணர்வுள்ளவன் நெடுந்தூரம் நடக்கும்போது தன்னை அறியாமலே நடையை மாற்றுகிறான். பாதத்தின் ஒரு பகுதி களைத்ததும் சுமையை மறுபகுதிக்கு நகர்த்துகிறான். உணர்விழந்தவன் முதலடி போலவே பத்தாயிரமாவது அடியையும் வைக்கிறான். விரல்களின் அடிப்பகுதியில் என்பு புடைத்த இடத்திற் காய்ப்பு உண்டாகிறது. காய்ப்பின் கீழ் ஊன் நசுங்கிக் கொப்புளமாகிறது. கொப்புளம் வெடித்துப் புண்ணாகிறது. புண்ணின் மீது அவன் தொடர்ந்து நடக்கிறான். நடை கிருமியை என்புக்குள் செலுத்துகிறது. வியர்வையைச் சுரக்கச் செய்யும் நரம்புகளும் கெடுவதாற் தோல் வறண்டு வெடித்துக் கிருமிக்கு வாயில் திறந்துவிடுகின்றது. பாதப் புண் ஆறாமையின் மருமம் இவ்வளவே.

சாந்துக் கட்டு ஏன் பயனளித்தது என்பதும் இப்பொழுது விளங்கிற்று. பாதத்தின் வடிவுக்கு இசைய முழுவதுமாக ஒட்டி இடப்படும் கட்டு, ஒரு புள்ளியில் விழும் சுமையை உள்ளங்கால் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கிறது. ஒரு பங்கைக் கணைக்கால் ஏற்கிறது. வீக்கம் வற்றுகிறது, அடியின் நீளம் குறைகிறது, தோல் வழுக்கி உராய்தல் தடைப்படுகிறது. வலி செய்யவேண்டிய வேலையைச் சாந்து செய்கிறது. தொழுநோயாளருக்கெனத் தோன்றிய இம்முறை கார்விலிலிருந்து நீரிழிவு நோயாளருக்குச் சென்றது. 1989இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிற் சாந்துக் கட்டிட்ட 21 பேரில் 19 பேரின் புண்கள் சராசரி 42 நாட்களில் ஆறின. வழமையான மருந்துக்கட்டுப் பெற்ற 19 பேரில் 6 பேரின் புண்களே ஆறின. பாதத்தின் காப்புணர்வை 10 கிராம் விசைக்கு வளையும் நைலோன் இழையாற் சோதிக்கும் முறைக்கு அடிப்படையான ஆய்வும் 1980களிற் கார்விலிலேயே நடைபெற்றது. இன்று உலகெங்கும் நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களில் அவ்விழை கையாளப்படுகின்றது.

2003இல் வெளியான இன்னோர் ஆய்வு மனித இயல்பைப் பற்றியது. கழற்றி மாட்டக்கூடிய காப்புக் காலணி வழங்கப்பட்ட நோயாளர், தமது நாளாந்த நடமாட்டத்தின் 28 வீதத்தின்போதே அதனை அணிந்திருந்தனர் என அது காட்டிற்று. வலி இல்லாதபோது ஓய்வை நினைவூட்டுவது எதுவுமில்லை. கழற்ற முடியாத கட்டே சிறந்ததாயிருப்பதன் காரணம் இதுதான். இதனை நோயாளியின் அலட்சியம் என இகழ்வது தவறு. வலியுள்ள நாம் எவரும் அறிவுரையால் ஓய்வுகொள்வதில்லை என்பதை மறத்தலாகாது.

சாந்துக் கட்டு சர்வரோக நிவாரணியன்று என்பதும் கூறப்படவேண்டும். நாடி அடைபட்டுக் குருதி செல்லாத காலுக்கும், ஆழமான சீழ் உள்ள புண்ணுக்கும் அதனை இடுதல் ஆபத்தானது. பயிற்சியற்றவர் இடும் கட்டு புதிய புண்ணை உண்டாக்கும். குறித்த நாட்களில் அதனைப் பிரித்துப் பார்த்து மீண்டும் இடவேண்டும். இதனோடொத்த மாற்றங்கள் ஏனைய துறைகளிலும் நிகழ்ந்தன. 1962இல் ஜோர்ஜ் வின்ரர் பன்றிகளில் நடத்திய பரிசோதனை, காற்றில் உலரவிட்ட புண்ணிலும் பார்க்கப் பொலித்தீன் தாளால் மூடி ஈரம் காத்த புண்ணில் தோல் ஏறக்குறைய இரு மடங்கு விரைவாக மூடுவதைக் காட்டிற்று. நாளப் புண்ணுக்கு அமுக்கக் கட்டு, படுக்கைப் புண்ணுக்கு உடலைத் திருப்பிப் படுக்கவைத்தல் என்பன நிலைபெற்றன. இவை அனைத்துக்கும் பொதுவான தத்துவம் ஒன்றுண்டு: ஆற்றும் வல்லமை உடலுக்கே உரியது, அதனைத் தடுக்கும் காரணத்தை அகற்றுவதே மருத்துவனின் பணி.

செருப்பும் கண்ணும்

ஆறிய புண் மீண்டும் வருதலே இவ்வரலாற்றின் இறுதிச் சிக்கல். நீரிழிவுப் பாதப் புண் ஆறியோருள் ஏறத்தாழ 40 வீதத்தினருக்கு ஓராண்டுக்குள்ளும் 65 வீதத்தினருக்கு ஐந்தாண்டுக்குள்ளும் புண் திரும்பி வருவதாக 2017இல் வெளியான மீளாய்வொன்று கணித்துள்ளது. நரம்பு மீளவில்லை, எனவே காரணமும் நீங்கவில்லை. இதற்கான விடையையும் வேலூரும், 1955இல் அதனருகே கரிகிரியில் அமைந்த தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் தேடின. நுண்குமிழ் இறப்பரை மேலடுக்காகவும் கடினமான இறப்பரை அடியாகவும் கொண்ட செருப்புகள் ஆக்கப்பட்டன. மேலடுக்கு சுமையைப் பகிர்ந்தது. அடி முள்ளையும் கல்லையும் தடுத்தது. பிற்காலத்தில் இச்செருப்பே தொழுநோயாளியின் அடையாளமாகக் கருதப்பட்டமையாற் பலர் அதனை அணியக் கூசினர். பார்வைக்குச் சாதாரண செருப்புப் போன்று அதனை அமைக்கவேண்டிய தேவை அதனால் எழுந்தது. ஆறாப் புண்ணின் சிகிச்சையிற் சமுதாயத்தின் கண்ணும் ஒரு காரணி என்பதற்கு இது தக்க சான்றாகும்.

செருப்புடன் நோயாளிக்குக் கற்பிக்கப்பட்டது பாதத்தைப் பார்க்கும் பழக்கம். நாள்தோறும் பாதத்தை நீரில் ஊறவைத்தல், காய்ப்பைத் தேய்த்தல், எண்ணெய் பூசுதல், சிவப்பும் சூடும் உண்டா எனத் தடவிப் பார்த்தல் ஆகியன அவை. நரம்பு சொல்லாததைக் கண் காணவேண்டியிருந்தது.

நமக்குரிய பாடம்

தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இற் பரிந்துரைத்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்குக் குறைவான நோயாளர் என்ற இலக்கை இலங்கை 1990களின் நடுப்பகுதியில் எட்டிற்று. ஆயினும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் இங்கு இனங்காணப்பட்டு வந்துள்ளனர். மருந்து முடிந்ததும் நோயாளி புள்ளிவிவரத்திலிருந்து நீக்கப்படுகிறான். அவன் பாதத்திலுள்ள புண் அவ்வாறு நீங்குவதில்லை.

மறுபுறம், நம் ஊர்களிற் ‘சீனி வருத்தம்’ எனப்படும் நீரிழிவு இன்று வீட்டுக்கு வீடு அறிமுகமான நோயாகிவிட்டது. வயலிலும் முற்றத்திலும் வெறுங்காலுடன் உழலும் வாழ்க்கை நம்முடையது. நண்பகல் வெயிலிற் கொதிக்கும் கோவில் வீதியை வெறுங்காலுடன் வலம் வருவதும் நம் வழக்கம். பாதத்தில் உணர்விழந்த நீரிழிவு நோயாளிக்கு அது நேர்த்தியாக முடிவதில்லை, கொப்புளமாக முடிகிறது. வலி இல்லாமையால் அவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. நோகாத புண்ணைப் பெரிதுபடுத்துவானேன் எனச் சுற்றத்தாரும் வாளாவிருக்கின்றனர். ஈற்றிற் காலைக் கழற்றவேண்டும் என்ற செய்தியுடன் வைத்தியசாலையிலிருந்து ஆள் வருகிறது. ‘சீனிக்காரரின் புண் ஆறாது’ என்று அப்போது நாம் கூறும் ஆறுதல், முற்காலத்தில் தொழுநோயாளியின் ஊன் அழுகும் என்று கூறியோரின் வாக்கிலிருந்து வேறுபட்டதன்று. அந்நம்பிக்கை பிழையென இந்நாட்டிலும் அயல்நாட்டிலும் செய்யப்பட்ட பணிகள் நிறுவிப் பல பத்தாண்டுகள் கழிந்துவிட்டன.

வறியவருக்கென வறிய நாடுகளிற் பிறந்த அறிவு செல்வந்த நாடுகளுக்குச் சென்று, இன்று சருவதேச வழிகாட்டிகளின் பரிந்துரையாக நம்மிடம் திரும்பி வந்துள்ளது. பரிசுச் சாந்தும் துணியும் நமது வைத்தியசாலைகளில் இல்லாத பொருள்களல்ல. கிராமிய வைத்தியசாலை தோறும் கட்டிடப் பயின்ற ஒருவரும், பாதத்தைப் பார்த்துச் செருப்புச் செய்து கொடுக்கும் பட்டறை மாவட்டத்துக்கு ஒன்றும் இருப்பின் கழற்றப்படும் கால்களுட் பல காக்கப்படும். அதற்கு முன்னோடியாக மருத்துவ மாணவரும் தாதியரும் தம் நாட்டின் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும். நோகாத புண்ணே மிகவும் அஞ்சப்படவேண்டிய புண் என்பதையும், ஆறாதது எனக் கைவிடப்பட்ட புண்ணுக்கு இன்னும் ஓய்வு கொடுத்துப் பார்க்கப்படவில்லை என்பதையும் ஒவ்வொரு குடும்பமும் அறியுமாயின், வேலூர்ப் பட்டறையில் தம் காயங்களை எண்ணிச் சொன்ன அப்பெயரறியாத் தொழிலாளரின் உழைப்பு இந்நாட்டிலும் பயன் தந்ததாகும்.